பதினெட்டாம் நூற்றாண்டு அக்கா

பெரும்பாக்கத்தில் நாங்கள் இருந்த பிளாக்கில் எல்லாருக்கும் பட்டப்பெயர் வைக்கிற வேலை என்னுடையது. சம்பளம் கிடையாது, அடி மட்டும் உண்டு. ஏழாவது மாடி அக்காவுக்கு மட்டும் எந்தப் பெயரும் ஒட்டவில்லை. ‘கேள்வித்தாள்’ என்று வைத்துப் பார்த்தேன். ‘வக்கீலம்மா’ என்று வைத்துப் பார்த்தேன். கடைசியில் ‘பதினெட்டாம் நூற்றாண்டு’ என்று வைத்தேன், ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு நூற்றாண்டைத் தவிர அக்காவுக்கு வேறு எந்த நூற்றாண்டும் தெரியாது.

அதற்கு அக்காவைக் குறை சொல்ல முடியாது. நாற்பது வயதுக்கு மேல் தபால் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தது. மற்ற பேப்பர்களை மனப்பாடம் செய்து எழுதி, பாஸாகி, மறந்தும்விட்டது. ஐரோப்பிய வரலாறு மட்டும் அரியர். நாலு தடவை எழுதி நாலு தடவையும் ஃபெயில். அதனால் பிரான்ஸ் தேசத்து ஜனங்கள் ராஜாவைக் கீழே இறக்கிய கதை அக்காவுக்குத் தண்ணிபட்ட பாடு. பாஸாகிறவன் ஒரு பாடத்தை ஒரு தடவைதான் படிக்கிறான். விழுந்தவன்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறான். பத்தாவதில் கணக்கில் மூன்று தடவை விழுந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். எனக்குக் கணக்கும் வரவில்லை, அது வேறு.

நாலாவது தடவை பரீட்சைக்குத் தாம்பரம் வரைக்கும் என் பைக்கில்தான் கொண்டுபோய் விட்டேன். திரும்ப அழைத்துவரப் போனபோது அக்கா கேட் பக்கத்தில் சிரித்த முகத்தோடு நின்றது. சரி, இந்தத் தடவை தேறிவிட்டது என்று நினைத்தேன்.

“இன்னாக்கா, எத்தினி கேள்வி எழுதுன?”

“ஒண்ணு.”

“மூணு மணி நேரத்துல ஒண்ணா?”

“புரட்சிக்குக் காரணம் இன்னான்னு கேட்டுக்கிறான். அத்த அரை மணி நேரத்துல எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போவ முடியுமாடா? ரொட்டி கெடைக்காம ஜனங்க பட்ட பாட்டுக்கே பதினாறு பக்கம் ஆயிடுச்சு.”

“அப்ப ராஜாவ இன்னும் எறக்கவே இல்லியா?”

“எங்க எறக்கறது? ராஜா இன்னும் சாப்ட்டுகினு கீறாரு. அதுக்குள்ள பெல் அடிச்சிட்டான்.”

மேடவாக்கம் வரும்வரை நான் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். அக்கா முதுகில் இரண்டு குத்து விட்டது.

எதற்கும் காரணம் கேட்பது அக்காவின் வியாதி. அப்படித்தான் அதன் வீட்டுக்காரர் சொல்வார். “டீ போடுன்னு சொன்னா ஏன்னு கேப்பா. தூக்கம் வருதுன்னு சொன்னாக்கூட ஏன்னு கேப்பா. கல்யாணத்தப்பவே அய்யரு கிட்ட ஏன் மூணு முடிச்சுன்னு கேட்டவ.” அவர் பெயின்டர். சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்பு போய், ஏழாவது மாடி ஜன்னலோரம் கட்டிலில் படுத்தபடியே ஊர் நியாயம் பேசுவார்.

அக்கா வேலை பார்த்தது ஓ.எம்.ஆரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில், ஹவுஸ்கீப்பிங். துடைப்பம் வைத்திருப்பவர்கள் பெரிய லிஃப்டில் ஏறக்கூடாது, பின்பக்கம் இருக்கும் சரக்கு லிஃப்டில்தான் போக வேண்டும் என்று அங்கே ஒரு சட்டம். அக்கா நேராக அந்தச் சட்டத்தைப் போட்ட ஆபீசர் ரூமுக்குப் போய், ஏன் என்று கேட்டது. கம்பெனி ரூல் என்றார் அவர். ரூலுக்கு என்ன காரணம் என்று கேட்டது. விசாரித்துச் சொல்கிறேன் என்றார். பாவம், சும்மா சொல்லிவைத்தார். அக்கா மறுநாள் போய் நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது. கோபமே படாது, குரலே உயராது. “சார், விசாரிச்சீங்களா?” அவ்வளவுதான். ஒரு மாதத்தில் அந்த ஆபீசர் அக்கா கண்ணில் படாமல் இருக்கப் படிக்கட்டில் ஏறிப் போக ஆரம்பித்தார். உடம்பு இளைத்து நன்றாக ஆகிவிட்டார் என்று கேள்வி.

ஷேர் ஆட்டோவில் ஒரு தடவை டிரைவர், “லேடீஸ் பின்னாடி போம்மா” என்றார். அக்கா ஏன் என்றது. அவர் வண்டியை ஓரம் கட்டி, “பேஜார் பண்ணாம எறங்கு” என்றார். அக்கா இறங்கியது. அடுத்த ஆட்டோவிலும் கேட்டது. நானும் கூட இருந்தேன். அன்றைக்கு நாங்கள் வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது டிபன் டைம்.

“எதுக்குக்கா இந்த வேல உனக்கு?” என்று கேட்டேன்.

“பதினெட்டாம் நூத்தாண்டு வரிக்கும் எல்லாரும் மேல கீறவன் சொன்னா சரின்னு இருந்தாங்கடா. ராஜா ஏன் ராஜான்னு யாரும் கேக்கல. அந்த நூறு வருசத்துலதான் ஒருத்தன் கேட்டான். அவன் கேட்டதப் படிச்சிட்டு இன்னொருத்தன் கேட்டான். அப்புறம் டீக்கடையில உக்காந்துகினு நாலு பேரு கேட்டான். அறிவொளிக் காலம்னு புக்ல போட்டுக்குது.”

“ஓஹோ. கரன்ட் வர்றதுக்கு முன்னாடியா பின்னாடியா?”

“உனக்குப் போயி சொன்னேன் பாரு.”

இனிமேல் தண்ணீர் விஷயம். எங்கள் பிளாக்கில் கீழே ஒரு மோட்டார் ரூம். அதற்குள் மாடிக்கு ஒன்றாக எட்டு வால்வு. காலையில் மோட்டாரைப் போட்டு ஒவ்வொரு மாடிக்கும் வால்வைத் திறந்துவிட வேண்டும். அந்த ரூம் சாவி எங்கள் பிளாக் சங்கத்துச் செக்ரட்டரியிடம் இருந்தது. அவர் வீடு தரைத்தளம். முதலில் தரைத்தளத்து வால்வைத் திறப்பார். திறந்தால், அவர் பல் விளக்கி, குளித்து, சாமி கும்பிட்டு, பேப்பரில் ராசிபலன் பார்த்து முடிக்கும்வரை மூட மாட்டார். அப்படியே ஒவ்வொரு மாடியாக மேலே வந்து ஏழாவது மாடி வால்வைத் திறக்கும்போது கீழ்த்தொட்டி வறண்டிருக்கும். மேலே குழாயில் புஸ்ஸென்று காற்று வரும், அவ்வளவுதான். லிஃப்டும் ஓடாது. அது கெட்டுப்போனதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் அதைப் பற்றிப் பேச வேண்டாம். அக்கா விடியற்காலையில் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக ஏழு மாடி நாலு தடவை ஏறும். படுத்திருக்கும் மனுஷனைத் துடைத்துவிட்டு, சமைத்து வைத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும். இரண்டு வருஷம் இப்படி.

சங்கத்துக் கூட்டத்தில் அக்கா இதைக் கேட்டது. ஒவ்வொரு மாடிக்கும் சமமாகப் பத்து நிமிஷம், சாவி வாரத்துக்கு ஒரு மாடி கையில், இதுதான் கேட்டது. ஓட்டுக்கு விட்டார்கள். அங்கே மாடிக்கு ஒரு ஓட்டு. கீழ் நாலு மாடி வேண்டாம் என்றது, மேல் நாலு மாடி வேண்டும் என்றது. சமமாக வந்தால் செக்ரட்டரி சொன்னதுதான் முடிவு. செக்ரட்டரி என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

“ஏண்ணே மாடிக்கு ஒரு ஓட்டு?” என்றது அக்கா. “தரைத்தளத்துல நாலு வூடுதான். மீதி அங்கன்வாடியும் மோட்டார் ரூமும். எங்க மாடில பன்னெண்டு வூடு. நாலுக்கும் ஒண்ணு, பன்னெண்டுக்கும் ஒண்ணா?”

“காலங்காலமா அப்டித்தாம்மா.”

“பில்டிங்கு கட்டியே ஆறு வருசந்தான ஆவுது. எந்தக் காலம்ணே?”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். செக்ரட்டரிக்குக் காது சிவந்துவிட்டது. சிரித்ததில் என் சத்தம்தான் பெரிசு என்பதால் என்னை மட்டும் முறைத்தார்.

அன்றைக்குப் படியேறும்போது அக்கா சொன்னது. “பிரான்ஸ்லயும் இதே கததாண்டா. சாமியாருங்களுக்கு ஒரு ஓட்டு, பெரிய மனுசங்களுக்கு ஒரு ஓட்டு, மீதி அத்தினி ஜனத்துக்கும் சேத்து ஒரு ஓட்டு. ரெண்டுக்கு ஒண்ணுன்னு தோத்துகினே இருந்தாங்க. மாடிய எண்ணாத, தலைய எண்ணுன்னாங்க. அவ்ளதான் கேட்டாங்க. அதுக்கே நாடு பொரண்டுச்சு.”

“நம்ம பில்டிங்கு பொரண்டா செத்துடுவோம்க்கா. ஏழு மாடி.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளாக் வாசலில் ஓட்டு வைத்தது அக்கா. சீட்டு இல்லை, பெட்டி இல்லை, குடம்தான். எங்கள் ஊரில் தண்ணீர் லாரி வரும் நாளில் ஆள் வரிசையில் நிற்காது, குடம் நிற்கும். குடம் இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம். அதையே ஓட்டாக்கிவிட்டது. வீட்டுக்கு ஒரு குடம். பழைய முறையே போதும் என்பவர்கள் இடது வரிசையில் வைக்க வேண்டும், மாற வேண்டும் என்பவர்கள் வலது வரிசையில். நான் அம்மாவின் பச்சைக் குடத்தை வலது பக்கமும், எங்கள் வீட்டு நீலக் குடத்தை இடது பக்கமும் வைத்தேன். யார் ஜெயித்தாலும் எனக்கு நல்லதுதானே.

“உனக்கு இன்னா ரெண்டு வூடா?” என்று அக்கா நீலக் குடத்தை எட்டி உதைத்தது.

நாலாவது மாடியில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அவர் இடது பக்கம் வைத்தார். அந்தம்மா எடுத்து வலது பக்கம் வைத்தது. அவர் திரும்ப எடுத்து இடது பக்கம் வைத்தார். குடம் தேய்ந்துபோகும் அளவுக்கு நடந்தது. “வீட்டுக்கு ஒரு ஓட்டுன்னா எங்க வூட்ல அது யாருது?” என்று அந்தம்மா கேட்டது. அக்கா அந்தக் குடத்தை எடுத்து இரண்டு வரிசைக்கும் நடுவில் வைத்தது. புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை போலிருக்கிறது.

எண்ண ஆரம்பித்தார்கள். பதினேழு வரை எண்ணியிருப்பார்கள். அப்போதுதான் லாரி வந்தது.

மதியம் வர வேண்டிய தண்ணீர் லாரி காலையில் வந்துவிட்டது. ஹாரன் சத்தம் கேட்டதுதான் தாமதம், ஜனநாயகம் கலைந்துவிட்டது. இடது வரிசை, வலது வரிசை எல்லாம் ஒரே பாய்ச்சலில் லாரிக்கு ஓடியது. வாசலில் ஒரு குடம் மிச்சமில்லை, அக்கா மட்டும் விரலை நீட்டியபடி நின்றது. செக்ரட்டரி தன் வீட்டு வாசலில் நின்றபடி சொன்னார், “இன்னாம்மா, ஓட்டெல்லாம் தண்ணி புடிக்கப் போயிடுச்சா?”

அக்கா மோட்டார் ரூம் படியில் ஏறி நின்றது.

“குடம் போனா போவுது. ஆளுங்க இங்கதான கீறீங்க. பழைய முறையே போதும்ன்றவங்க லாரிக்கு இந்தப் பக்கம் நில்லுங்க. மாத்தணும்ன்றவங்க அந்தப் பக்கம் போங்க. வூட்ட எண்ணப்போறதில்ல. ஆம்பள, பொம்பள, தலைக்கு ஒண்ணு.”

லாரியின் குழாய் இருந்தது இந்தப் பக்கம். அந்தப் பக்கம் போகிறவர்கள் வரிசையில் பிடித்த இடத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும். ஒருத்தரும் அசையவில்லை. நான் மனதுக்குள், அக்கா ஐந்தாவது தடவையும் ஃபெயில் என்று நினைத்தேன்.

முதலில் அந்த நாலாவது மாடி அம்மா, பாதி நிறைந்த குடத்தைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போனது. பிறகு ஆறாவது மாடியில் இரண்டு பேர். பிறகு எங்கள் அம்மா. அப்புறம் எண்ண முடியவில்லை. இந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் தானாகத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் மட்டும், “யாராவது புடிங்கய்யா” என்று கத்திக்கொண்டிருந்தார்.

“கொழா கீற பக்கம் உன் ஆளுங்கள நிக்க வெச்சிருக்கலாமேக்கா, ஈசியா ஜெயிச்சிருப்பியே” என்று பிறகு கேட்டேன்.

“தண்ணிக்காக நின்னாங்கன்னு ஒருத்தனும் சொல்லக்கூடாது” என்றது.

செக்ரட்டரி சாவியைப் படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் காலையில் ஏழாவது மாடிக் குழாயில் தண்ணீர் வந்தது. ஜன்னலிலிருந்து அக்கா வீட்டுக்காரர் பிளாக் முழுக்கக் கேட்கும்படி சொன்னார், “ரெண்டு வருசம் கழிச்சி குளிக்கப் போறேன். யாரும் கீழ நிக்காதீங்க, அழுக்குத் தண்ணி வரும்.”

அதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. முடியவில்லை, நாங்கள் விடவில்லை.

பத்து நாள் கழித்து அடுத்த கூட்டம். நானும் என் சோட்டுப் பையன்களும் ஒரு யோசனை சொன்னோம். செக்ரட்டரி இரண்டு வருஷம் மேல்மாடிகளைக் காய வைத்தார். ஒரு மாதம் அவர் வீடு காயட்டும், பைப்பைக் கழற்றிவிடலாம். நான் பிளம்பர் வேலைக்குப் போகிறவன், பைப்பைத் திருகும் ரிஞ்சைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். அவர் மகள் பிரசவத்துக்கு வந்து, கைக்குழந்தையோடு அந்த வீட்டில் இருப்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னோம். வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான்.

அக்கா எழுந்து நின்றது. “வேணாண்டா. நாலு தடவ அந்தப் பாடத்துல ஃபெயிலானவ நான். இதுக்கு அடுத்த பக்கத்துல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும்.”

“இன்னாக்கா கீது?”

“மொதல்ல ராஜா தலைய எடுப்பாங்க. அப்புறம் ராஜாவுக்கு ஆதரவா பேசினவன் தலை. அப்புறம் கை தட்ட லேட்டானவன் தலை. கடேசில, தலைய எடுத்தவனோட தலை.”

“இங்க யாரு தலைய எடுக்கறாங்க? தண்ணிதான” என்றான் பையன்களில் ஒருத்தன்.

“தலைக்கு ஒரு ஓட்டுன்னு நீதானக்கா சொன்ன” என்றேன் நான். “எண்ணிடலாம்.”

எண்ணினோம். கழற்றலாம் என்று முப்பத்தொன்று. வேண்டாம் என்று இருபத்தொன்பது. ஊரெல்லாம் காரணம் கேட்டுத் திரிந்த அக்காவிடம் நான் காரணம் சொல்லிவிட்டேன், அதுவும் அதன் காரணத்தையே. அக்கா என்னைப் பார்த்தது. படியேறிப் போனது. நான் போய் பைப்பைக் கழற்றி மூடி போட்டேன். ஐந்து நிமிஷ வேலை.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பிய அக்கா ஏழாவது மாடியிலிருந்து ஒரு குடம் தண்ணீரைக் கீழே சுமந்து வந்தது. மேலே ஏற்றிப் பழகியது, இப்போது இறக்கியது. செக்ரட்டரி வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனது. சாயங்காலம்வரை அந்தக் குடத்தை யாரும் தொடவில்லை. இரண்டாம் நாளும் தொடவில்லை. மூன்றாம் நாள் செக்ரட்டரி சம்சாரம் கதவை விரல் அளவு திறந்து குடத்தை உள்ளே இழுத்ததை நான் பார்த்தேன். பையன்களிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று போனேன். சொல்லவில்லை.

நாலாம் நாள் விடிந்தும் விடியாமலும் என் வீட்டுக் கதவைத் தட்டியது அக்கா.

“டேய், அவங்கள எண்ணினமா?”

“யார?”

“செக்ரட்டரி வூட்டு ஆளுங்கள. அவரு, சம்சாரம், மகன். மூணு தல கீது. மகள் விருந்தாளி, விட்ரு. அவங்க தண்ணிய பத்தி ஓட்டு வெச்சிட்டு அவங்களக் கூப்டவே இல்ல. தப்பா எண்ணிக்கிறோம்.” ராத்திரி முழுக்கத் தூங்காத கண், ஆனால் முகத்தில் ஒரு சந்தோஷம். “சண்ட போட்டுத் தோக்கலடா நானு. எண்ணத் தெரியாமத் தோத்துட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். அதே அறுபது பேர். கழற்றியது கழற்றியபடி இருக்கட்டும் என்று முப்பத்தொன்று, அதில் நானும் உண்டு. மாட்டிவிடலாம் என்று இருபத்தொன்பது. செக்ரட்டரி சம்சாரமும் மகனும் வெளியே வந்து கை தூக்கினார்கள். முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. செக்ரட்டரி வரவில்லை.

அக்கா அவர் வாசலுக்குப் போனது. “அண்ணே, வெளிய வா.”

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “என் வூட்டுத் தண்ணிக்கு நான் உங்க கிட்ட கை ஏந்தணுமா?”

“ஏந்த வேணாண்ணே. தூக்கு. அது உன் ஓட்டு.”

“உன் பிச்ச ஒண்ணும் வேணாம் போம்மா.”

“நான் குட்த்தா அது பிச்ச. இத்த நான் குடுக்க முடியாது, புடுங்கவும் முடியாது. வராம உள்ளயே இருந்தீன்னா உன் தல கணக்குல இல்லன்னு ஆயிடும். எங்க மாடி ரெண்டு வருசம் அப்டித்தான் இருந்துச்சு. நல்லா இல்லண்ணே அது.”

நாங்கள் அறுபத்திரண்டு பேரும் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே குழந்தை சிணுங்கியது. யாரோ இருமினார்கள். பிறகு அவர் வந்தார். லுங்கி, கசங்கிய பனியன். யார் முகத்தையும் பார்க்காமல், காதைச் சொறிவதுபோலக் கையைப் பாதி தூக்கினார்.

“நல்லா தூக்குண்ணே. எண்ணணும்.”

தூக்கினார்.

“முப்பத்திரெண்டு” என்றது அக்கா. பிறகு என் பக்கம் திரும்பியது. “போடா, மாட்டு.”

“நான் மாட்ட வேணாம்னு கை தூக்கினவன்க்கா. ஜெயிச்சவன் எவனாவது மாட்டட்டும்.”

“ஜெயிச்சவன் மாட்டினா அது அடிதடி. தோத்தவன் மாட்டினாத்தான் அது ஓட்டு. போ.”

ரிஞ்சை எடுத்துக்கொண்டு போனேன். மூடியைக் கழற்றி, பைப்பை நிமிர்த்தி வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் சுற்றப் பார்த்தேன். பைப் ஆடியது, பிடிக்க ஆளில்லை. திரும்பினால், செக்ரட்டரி குனிந்து இரண்டு கையாலும் அதை அசையாமல் பிடித்துக்கொண்டார். பைப்பைக் கழற்றிய நாளிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசாத மனுஷன். நான் சுற்றி முடித்து ரிஞ்சை எடுக்கப் போனேன்.

“இன்னும் ரெண்டு சுத்து சுத்துடா” என்றார். “ஒழுவப் போவுது.”

சுற்றினேன்.